பென்சிலில் போட்ட இருபத்திரண்டு

இருபத்திரண்டு என்று போட்டிருக்கிறேன். பென்சிலில்தான். இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு. அமலோற்பவம் என்ற பெயருக்கு நேராக அந்த இரண்டும் இரண்டும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கின்றன. அழுத்தி எழுதவில்லை. அழுத்தி எழுதினால் அழித்த பிறகும் தாளில் தடம் தெரியும் என்பது இருபத்தைந்து வருஷமாக இந்த மாதிரித் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றவனுக்குத் தெரியாதா. மணி மூன்று பத்து. கடைசி ஆள் எழுந்து போய் ஐந்து நிமிஷம் ஆகிறது. மாநகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி, பச்சைத் துணி விரித்த நீள மேஜை, நாங்கள் மூன்று பேர். நடுவில் துணை ஆணையர் மீனலோசனி மேடம். அவருக்கு அந்தப் பக்கம் நகர்நல அலுவலர் டாக்டர் இர்ஷாத். இந்தப் பக்கம் நான், தெய்வநாயகம், அரசுக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கு என் முன்னால் ‘துறை வல்லுநர்’ என்று அட்டை மடித்து வைத்திருக்கிறார்கள். நகரத்தின் சமூக விளையாட்டு, பொழுதுபோக்குத் திட்டத்துக்குப் புது இயக்குநரை எடுக்க வேண்டும். பதினான்கு பூங்கா, ஆறு உடற்பயிற்சிக் கூடம், ஒரு நீச்சல் குளம், கோடை முகாம், சனிக்கிழமை டிராயிங் கிளாஸ், எல்லாம் அந்த ஒரு நாற்காலியின் கீழ் வருகிறது. ஐந்து பேருக்கு அழைப்புப் போனது. ஒருவர் வரவில்லை. இரண்டு பேர் வந்து தங்கள் பதக்கங்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். மிச்சம் அமலோற்பவம், கிருபாகரன். கிருபாகரனுக்குப் பதினான்கு போட்டிருக்கிறேன். இப்போது காத்திருக்கிறோம். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். கொஞ்ச நேரம் உட்காருவோம் என்றார் மேடம். டாக்டர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். மேலே எங்கிருந்தாவது ஒரு பெயர் வரும். வந்ததும் பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் வேறு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் பென்சில். எந்த அரசாணையிலும் இப்படி எழுதியிருக்காது, ஆனால் பென்சில் வைக்காத தேர்வுக் குழுவை நான் பார்த்ததில்லை.

இந்தப் பென்சிலைச் சீவியதே அமலோற்பவம்தான். அது வேறு. ஒன்பது வருஷமாக இந்தத் திட்டத்தைப் ‘பொறுப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டு, தொகுப்பூதியத்தில் நடத்திக்கொண்டிருப்பவள் அவள். ஆகவே நேர்காணலுக்கு மேஜை போடுவது, தண்ணீர் பாட்டில் வைப்பது, எங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்ணுவது எல்லாம் அவள் வேலை. காலையில் நான் வந்தபோது ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர் என்று வைத்துக்கொண்டிருந்தாள். வணக்கம் சார், ஃபேன் போடவா, ஏசி தண்ணி ஒழுகுது என்றாள். எல்லாம் வைத்து முடித்துவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, வெளியே வராந்தாவில் மற்ற மூன்று பேரோடு போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். தன்னை அழிக்கப் போகிற ரப்பரைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஒருத்தியை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். பென்சில் எதற்கு என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒன்பது வருஷம் இந்தக் கட்டடத்தில் குப்பை கொட்டியவளுக்கு? தெரியும். தெரிந்தும் கூராகச் சீவியிருக்கிறாள். ரப்பர் பிள்ளைகளுடையது, இளஞ்சிவப்பு, ஸ்ட்ராபெர்ரி வாசனை, டிராயிங் கிளாஸுக்கு வாங்கியதாக இருக்கும். நாலு மூலையும் கத்தி மாதிரி புதுசாக இருக்கிறது. நான் இன்னும் அதைத் தொடவில்லை. தொடாமலே வாசனை வருகிறது. எனக்கு ஸ்ட்ராபெர்ரி பிடிக்காது. நிஜ ஸ்ட்ராபெர்ரியை நான் தின்றிருக்கிறேனா? கொடைக்கானலில் ஒரு தடவை, புளித்தது. என் வீட்டுக்காரி சரோஜினி முகத்தைச் சுளித்துக்கொண்டே நாலு பழத்தைத் தின்றாள், காசு கொடுத்தாச்சே என்று. சரோஜினி. மணி மூன்று பதினைந்து. இன்றைக்கு வியாழக்கிழமை. அவள் இந்நேரம் கீழே தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் குளத்தின் ஒரு மூலை தெரிகிறது. தண்ணீர் தெரியாது, நீலத் துணிதான் தெரியும். அந்தத் துணியைக் கட்டியது அமலோற்பவம். டாக்டர் அவளிடம், ஒன்பது வருஷத்தில் உங்கள் சாதனை என்று ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அவள் மேஜைத் துணியை இழுத்து நேராக்கினாள். பிறகு, “குளத்தைச் சுத்தி ஒரு துணி கட்டினேன் சார்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. செவ்வாய், வியாழன் இரண்டு முதல் நான்கு வரை பெண்களுக்கு மட்டும். காவலுக்கும் பெண், பயிற்சிக்கும் பெண். ஒரு நாளைக்கு முப்பது பேர் வருகிறார்கள், பாதிப் பேர் உள்ளே இறங்குவதே இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களிடமும் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறேன், அவர்களும் குளத்துக்கு வந்தவர்கள்தானே என்றாள். மேடம் எதையோ குறித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பாதிப் பேரில் என் வீட்டுக்காரி ஒருத்தி. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வருஷமாக வாரம் தவறாமல் ஒயர் கூடையில் துண்டும் மாற்றுப் புடவையும் வைத்துக்கொண்டு போகிறாள். மாற்றுப் புடவை மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். கட்டியிருக்கிற புடவையின் ஓரம் மட்டும் முழங்கால் வரை நனைந்திருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் அவள் டீயில் சர்க்கரை சரியாக இருக்கும். நான் கவனித்திருக்கிறேன். கேட்டதில்லை. இன்று காலையில் சட்டையை எடுத்துக் கொடுக்கும்போது, அமலா வேலைக்குத்தானே போறீங்க என்றாள். ஆமாம் என்றேன். நல்லது என்றாள். அவ்வளவுதான். இன்னாருக்குக் கொடுங்கள் என்று அவள் சொல்லவே இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு எதையும் செய்யச் சொல்லாதவள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்ததும் பயமானதும்.

பயம் என்றதும் பரமக்குடி வந்துவிடுகிறது. எங்கே சுற்றினாலும் அங்கேதான் போய் நிற்கிறேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, குழுவில் உட்காருவது அதுதான் முதல் தடவை, விளையாட்டு விடுதிக்குக் காப்பாளர் எடுக்க வேண்டும். தனுஷ்கோடி என்று ஒரு பையன், ஓட்டக்காரன், விடுதிச் சாப்பாட்டில் புழு கிடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு நானும் அங்கேயேதான் சாப்பிடுவேன், அப்புறம் எப்படிப் புழு கிடக்கும் என்றான். இருபது போட்டேன். பேனாவில். சட்டைப்பையில் அதுதான் இருந்தது, எனக்கு வழக்கம் தெரியாது. கல்லூரி முதல்வர் என் தாளை எடுத்துப் பார்த்தார். “பென்சில் கொண்டு வரலையா?” என்றார். கோபமே இல்லாமல், குடை கொண்டு வரலையா என்று கேட்கிற மாதிரி. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் ஒரு பெயரைக் காதில் சொன்னார். எழுதினேன். எழுதித்தான் கொடுத்தேன், மறுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியும் ஜூன் மாதம் பரமக்குடிக்கு மாற்றல் வந்தது. அதைத்தான் இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை. சொன்னபடி எழுதிய பிறகும் தண்டனை. முதலில் பேனாவை எடுத்ததற்காக. மூன்று வருஷம். இரண்டாவது வருஷம் சரோஜினிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். விடுப்புக் கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாக உட்கார்ந்து பாலில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா?” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை, அன்றும் இல்லை, இன்றுவரையும் இல்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அழுதாவது தொலைத்திருப்பேன். தனுஷ்கோடி இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். என் ஸ்கூட்டருக்குக் காற்று அடித்தால் காசு வாங்க மாட்டான். எனக்காகப் பேனாவில் இருபது போட்டீங்களாம் சார், பியூன் அண்ணன் சொன்னாரு என்பான். இரண்டாவது தாளைப் பற்றி பியூன் அண்ணன் அவனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக இலவசக் காற்றில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இப்போது எனக்கு அறுபத்து மூன்று. ஓய்வு பெற்றாயிற்று. பென்ஷனை எவனும் பரமக்குடிக்கு மாற்ற முடியாது. இதை நான் காலையிலிருந்து எனக்கே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டேன். காரில் சொன்னேன், படியேறும்போது சொன்னேன். பிறகு ஏன் உள்ளங்கை வேர்க்கிறது? டாக்டர் இர்ஷாத் என்னைப் பார்க்கிறார். நான் பார்த்ததும் முந்திரித் தட்டைப் பார்க்கிறார். என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்கிறாரோ. தாளை இடது கையால் மூடிக்கொண்டேன், பரீட்சையில் பக்கத்துப் பையனுக்கு மறைக்கிற மாதிரி. பெயர் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியதில்லை, இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு மோப்பம் அதிகம். கிருபாகரன்தான். அவன் உள்ளே வந்தபோது மேடம் உட்காருங்க, தண்ணி குடிங்க என்றார். அமலோற்பவத்துக்குத் தண்ணீர் சொல்லவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டார். ஏதோ ஊர் சொன்னான், அப்படியா என்று மேடம் சிரித்தார். பாதியில் மேடத்துக்கு போன் வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய், சரி, சரி, நான் பாத்துக்கறேன், கவலைப்படாதீங்க என்று பேசிவிட்டு வந்தார். வந்ததும் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு கனிவு இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? பையன் மோசமானவன் கிடையாது. புது ஷூ போட்டிருந்தான், நடக்கும்போது கீச்சென்றது, அதற்கே கூச்சப்பட்டான். விளையாட்டு மேலாண்மை படித்தவன், தனியார் கிளப்பில் நாலு வருஷம் வேலை பார்த்தவன். நீச்சல் குளம் பற்றிக் கேட்டதற்கு ஒரு வண்ணப் படம் காட்டினான். மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை குளம் சும்மா கிடக்கிறது, அது டெட் டைம், அந்த நேரத்தில் தனியார் பயிற்சி வகுப்புக்குக் கொடுத்தால் குளம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும், அந்தத் துணியையும் எடுத்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்றான். நான் வந்த முதல் மாதமே செய்துவிடுவேன் என்றான். நம்பிச் சொன்னான். டெட் டைம். என் மனைவி அந்த நேரத்தில்தான் காலை நனைக்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். துறை வல்லுநர் அப்படிச் சொல்லக் கூடாது.

மேடம் எழுந்து மறுபடி வெளியே போனார், போனைக் காதில் வைத்துக்கொண்டு. டாக்டரும் நானும் மட்டும். பிச்சமுத்து என்ற வயதான அலுவலக உதவியாளர் டீ கொண்டுவந்து வைத்தார். டீயில் சர்க்கரை அதிகம். வெயில் பற்றி டாக்டர் ஏதோ சொன்னார். நானும் வெயில் பற்றியே பதில் சொன்னேன். பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்தி, உங்களை யார் சார் குழுவுக்குப் போட்டது என்று கேட்டார். பட்டியலில் மேலே இருந்து வந்திருக்கும் என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது. ஒரு நாள் கடிதம் வந்தது, வந்துவிட்டேன். மேலே இருந்தா என்று டாக்டர் மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். எதற்குக் கேட்கிறார்? நான் பேனாவை எடுத்துவிடுவேனோ என்று ஆழம் பார்க்கிறார். பழைய கதை இவர் காதுக்கும் போயிருக்குமோ? இருபத்திரண்டு. இன்னொரு விஷயம் இருக்கிறது, நியாயமாகப் பார்த்தால் அதையும் யோசிக்க வேண்டும். என் மனைவி அங்கே போய் வருகிறவள். ஆகவே இந்த இருபத்திரண்டில் ஒரு பங்கு சரோஜினியின் புடவை ஓரத்துக்குப் போட்ட மதிப்பெண். அது பாரபட்சம். பாரபட்சம் இல்லாதவன் என்ன செய்வான்? குறைப்பான். இரண்டு குறைக்கலாம், இருபது. அவளுக்கு இங்கிலீஷ் தடுமாறுகிறது, இன்னும் ஒன்று குறைக்கலாம். கணினிச் சான்றிதழ் இல்லை, இன்னும் ஒன்று. இப்படியே நேர்மையாகக் குறைத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிகிறது. எவ்வளவு சுகமாக இறங்குகிறது பார். படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணத்தோடு. த்தூ என்றிருக்கிறது. ஆனாலும் நான் ஒருவன் அப்படியே வைத்திருந்து என்ன ஆகப் போகிறது? மற்ற இரண்டு பேரும் பெயர்ப்படி எழுதப் போகிறார்கள். கூட்டினால் எப்படியும் அவன்தான். என் இருபத்திரண்டால் அவளுக்கு வேலை கிடைக்காது, எனக்கு ஒரு பெயர் மட்டும் கிடைக்கும், தனியாக முறுக்கிக்கொண்டு நின்றவன் என்று. அந்தப் பெயர் எனக்கு இப்போது என்ன கெடுதல் செய்யும்? ஒன்றும் செய்யாது. ஒன்றுமே செய்யாது என்று தெரிகிறது. தெரிந்தும் அந்த ஜூன் மாதம் என்னை விடவில்லை.

மேடம் திரும்பி வந்து உட்கார்ந்தார். மணி மூன்று ஐம்பது. போனைக் கவிழ்த்து வைத்தார். டாக்டரைப் பார்த்தார், டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் சொன்னார்: “சார், நீங்கதான் சீனியர். நீங்க சொல்லுங்க, நாங்க அதுக்கு ஏத்தாப்புல பாத்துக்கறோம்.” ஆகா. பாவத்தை என் வாயால் சொல்ல வைக்கிறார்கள். அப்படித்தான் செய்வார்கள், நாளைக்கு யாராவது கேட்டால் துறை வல்லுநர் சொன்னார் என்று எழுதலாம். அவர்கள் முகத்தில் எரிச்சல் எதுவும் இல்லை, பொறுமையாக இருந்தார்கள், நான் என்ன சொல்வேன் என்று தெரிந்தவர்களின் பொறுமை. ரப்பரை எடுத்தேன். என் கைதான் எடுத்தது. இரண்டு இரண்டும் லேசாகத்தான் எழுதியிருந்தேன், நாலு தேய்ப்பில் போய்விட்டன, ஆனாலும் நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன், தாள் மேல் பஞ்சு எழும்பும் வரை. பதினான்கையும் அழித்தேன். ஊதினேன். அறை முழுக்க ஸ்ட்ராபெர்ரி. பேனாவை எடுத்து அமலோற்பவம் பதின்மூன்று என்று எழுதினேன், கிருபாகரன் இருபத்து மூன்று என்று எழுதினேன், தாளை மேஜை நடுவில் தள்ளினேன். எண்கள் கோணாமல் விழுந்தன. அதுதான் வெட்கம். டாக்டர் எட்டிப் பார்த்தார். ஓ, என்றார். தன் ரப்பரை எடுத்தார். மேடம் கொஞ்ச நேரம் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவரும் எடுத்தார். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு தேய்த்தோம். தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. கையெழுத்து, தேதி, உறை, பசை. பிச்சமுத்து மெழுகுவர்த்தி கொண்டுவந்து அரக்கை உருக்கி ஊற்றினார். மேடம் முத்திரையை அழுத்தினார்.

அரக்கு ஆறிக்கொண்டிருக்கும்போது மேடம் சாதாரணமாகக் கேட்டார், யார் மூலமா சார் சொன்னாங்க என்று. எனக்குப் புரியவில்லை. எதை என்றேன். பெயரை என்றார். “எனக்கு யாரும் சொல்லலையே மேடம். உங்களுக்குத்தானே போன் வந்துச்சு” என்றேன். அவர் டாக்டரைப் பார்த்தார். “அது என் பையனோட ஸ்கூல் வேன் டிரைவர் சார். வண்டி வழியில நின்னு போச்சு” என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். உங்களை மேலேயிருந்து போட்டதாகச் சொன்னீங்களே, அதனால் உங்களிடம் ஏதோ தகவல் இருக்கும் என்று நினைத்தேன், நான் அந்தம்மாவுக்கு இருபது போட்டிருந்தேன் என்றார். மேடம் முத்திரையை டப்பாவுக்குள் வைத்தார். “நான் இருபத்தொண்ணு” என்றார். அப்படியானால் யாரும் கேட்கவில்லை. எந்தப் பெயரும் எங்கிருந்தும் வரவில்லை. இந்த ஊரில் இந்த வேலைக்காக யாருமே சிபாரிசு கேட்டுப் போகவில்லை, பூங்காவும் பம்பரமும் டிராயிங் கிளாஸும் யாருக்கு வேண்டும். மூன்று பேர் முக்கால் மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஓர் உத்தரவுக்காகக் காத்திருந்து, அது வராததால் நாங்களே ஒன்றைப் போட்டுக்கொண்டோம். போட்டவன் நான். உறை மேஜை மேல் கிடந்தது. அரக்கு இன்னும் இளகலாகத்தான் இருந்தது. நகத்தால் கிளப்பினால் வந்துவிடும். வேறு உறை அலமாரியில் அடுக்காக இருக்கிறது, வேறு தாளும் இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிச்சமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரித்து ஒட்டினால் நாளைக்கு யாராவது ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது சார், என்றார் மேடம், நான் எதுவும் கேட்காமலே. டாக்டர், அந்தப் பையனும் நல்ல பையன்தான் என்றார். ஆமாம் என்றேன் நான். நல்ல பையன்தான். பிறகு மூன்று பேரும் எழுந்துவிட்டோம். மேடம் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு போனார், அரக்கில் விரல் படாமல் ஓரமாகப் பிடித்துக்கொண்டு.

படியிறங்கினேன். பென்ஷனை எவனும் மாற்ற முடியாது, பென்ஷனை எவனும், என்று ஒவ்வொரு படிக்கும் வந்துகொண்டிருந்தது. கீழே போர்ட்டிகோவில் அமலோற்பவம் நின்றிருந்தாள், பக்கத்தில் ஒயர் கூடையோடு சரோஜினி. சரோஜினியின் புடவை இன்றைக்கு இடுப்பு வரை நனைந்திருந்தது. தலைமுடி ஓரத்தில்கூட ஈரம். உங்களுக்காக ஏற்பாடு பண்ணிய காரிலேயே அம்மாவையும் கூட்டிப் போய்விடுங்கள் சார், இந்த ஈரத்தோடு பஸ்ஸில் எதற்கு, என்றாள் அமலோற்பவம். முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாலும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, “மேல ரப்பர் மூணும் டேபிள்லயே இருக்கா சார்? சனிக்கிழமை புள்ளைங்களுக்கு வேணும்” என்றாள். என் சட்டைப்பை அப்போதுதான் கனத்தது. எப்போது உள்ளே போட்டேன் என்று தெரியவில்லை. எடுத்து நீட்டினேன். காலையில் அவள் வைத்தபோது நாலு மூலையும் கூராக இருந்த ரப்பர். இப்போது ஒரு மூலை முழுசாக மழுங்கி, வட்டமாகி, கறுத்துப் போயிருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்தக் கறுப்பை ஒரு தடவை தேய்த்தாள். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சொல்லிவிடலாம், யாரும் கேட்கவில்லை அம்மா, யாருமே கேட்கவில்லை, நாங்களேதான், என்று சொல்லிவிடலாம், ஆனால் அதைச் சொன்னால் அவளுக்கு எந்த விதத்தில் நல்லது? அவள் சரோஜினியிடம் திரும்பினாள். “அடுத்த வாரம் ரெண்டு நாளும் கண்டிப்பா வந்துருங்கம்மா. கம்பியப் புடிச்சுக்கிட்டுக் கால மேல தூக்குறதச் சொல்லிக் குடுத்துடறேன். அதுக்கப்புறம் எப்புடின்னு தெரியல” என்றாள். ஏன், அதற்கப்புறம் குளத்துக்கு லீவா என்று சரோஜினி கேட்டாள். அமலோற்பவம் கார்க் கதவைத் திறந்து பிடித்தாள். “சார் சொல்லுவாங்கம்மா” என்றாள். ஏறிக்கொண்டோம். கார் கேட்டைத் தாண்டும்போது, இன்னிக்கு இடுப்பளவு இறங்கினேங்க, என்றாள் சரோஜினி, சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு வெட்கத்தோடு. பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். “என்ன சொல்லுவீங்க?” அவளுக்கு ஈரத்தில் குளிருமே என்று டிரைவரிடம் ஏசியைக் குறைக்கச் சொன்னேன்.